கினிப்பன்றிக்குப் புல்தான் சாப்பாடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கினிப்பன்றி சில நாட்களாக நடக்கவே யோசிக்கிறது, தூக்கினால் கத்துகிறது. முயல் பெல்லட் (கடையில் விற்கும் தீவன உருண்டை) போடுகிறோம். தண்ணீரில் வைட்டமின் சி சொட்டு மருந்தும் கலக்கிறோம். எதில் குறை?

பதில்: முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அடிபட்டிருந்தாலும் சிறுநீர்ப்பையில் கல் இருந்தாலும் இப்படி வலிக்கும். ஆனால் நீங்கள் கொடுக்கும் உணவைப் பார்த்தால் ஸ்கர்வி, அதாவது வைட்டமின் சி குறைவால் வரும் நோய், என்ற சந்தேகமே வலுக்கிறது. மூட்டு வீக்கம், ஈறில் ரத்தம், சிலிர்த்த முடி, பசியின்மை ஆகியவையும் அதன் அறிகுறிகள்.

மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்ளாது. முயலுக்கு அந்தத் திறன் உண்டு. ஆகவே முயல் பெல்லட்டை நம்பி இதற்குத் தேவையானதைக் கொடுக்க முடியாது. தண்ணீரில் கலந்த வைட்டமின் சீக்கிரம் சிதைந்துபோகும். சுவை மாறுவதால் தண்ணீர் குடிப்பதும் குறையும். அது இன்னொரு ஆபத்து. சொட்டு மருந்து கலப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வேண்டும். சினைக்காலத்தில் தேவை இன்னும் கூடும். விதை நீக்கிய சிவப்புக் குடைமிளகாய் 25 கிராம் கொடுத்தால் ஏறக்குறைய 30 மில்லிகிராம் கிடைத்துவிடும். கினிப்பன்றிக்கென்றே தயாரான பெல்லட்டிலும் நாளாக ஆக இந்தச் சத்து குறையும். சின்னப் பொட்டலமாக, தயாரிப்புத் தேதி பார்த்து வாங்கி, மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். ஏற்கெனவே நோய் கண்டுவிட்டால் காய் மட்டும் போதாது. எவ்வளவு மருந்தை வாய்வழியாகப் புகட்டுவது என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பல வைட்டமின்கள் கலந்த மருந்தை நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஏ, டி இரண்டும் மிகுந்தால் நஞ்சாகும்.

கேள்வி: உலர்புல்லைத் தொடுவதில்லை, பெல்லட்டுக்கே ஓடி வருகிறது. விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. பற்கள் ஆயுள் முழுக்க வளர்பவை. நார் மிகுந்த புல்லை மென்று அரைத்தால்தான் கடைவாய்ப் பற்கள் தேயும். குடலும் ஓயாமல் இயங்கும். உணவில் ஐந்தில் நான்கு பங்கு உலர்புல்லாக, இரவும் பகலும் எட்டும் இடத்தில் இருக்கட்டும். டிமோத்தி புல் நல்லது. வைக்கோல் அதற்கு ஈடாகாது, சத்து மிகக் குறைவு. ஆல்ஃபால்ஃபா (குதிரைமசால்) என்ற தீவனப் பயிரில் கால்சியம் அதிகம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும், சினையாக இருப்பதற்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் மட்டுமே அது. மற்றவற்றுக்குச் சிறுநீர்க் கல் வரக்கூடும்.

பெல்லட்டை ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகக் குறைத்து, நாளுக்கு இரண்டு மேசைக்கரண்டியில் நிறுத்துங்கள். பச்சை மாறாத, மணமுள்ள புதுப்புல்லைக் காலையில் முதலில் வையுங்கள். பட்டினி போட்டுப் பழக்காதீர்கள். அரை நாள் எதையுமே தின்னாவிட்டால் குடல் இயக்கம் நின்றுபோகக்கூடும். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பாருங்கள். வெளியே எதுவும் தெரியுமுன் எடைதான் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: காய், கீரை, பழம் எவ்வளவு? எவை ஆகாது?

பதில்: ஒரு கினிப்பன்றிக்கு நாளொன்றுக்கு ஒரு கப் காய், இலை. ரோமெயின் லெட்டூஸ், கொத்தமல்லித் தழை, வெள்ளரி என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். பசலைக்கீரையும் பார்ஸ்லியும் எப்போதாவது ஓரிரு இலை. கேரட், ஆப்பிளில் சர்க்கரை இருப்பதால் வாரத்தில் ஓரிரு துண்டு போதும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, அவகாடோ, தக்காளியின் இலையும் தண்டும், சாக்லேட், பால் பொருள்கள் அறவே கூடாது. புதிய காயை ஒருமுறைக்கு ஒன்றாக, விரல் நுனி அளவில் தொடங்குங்கள். கழிச்சல் கண்டால் அதை நிறுத்திவிடுங்கள். கழிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: உப்புக்கட்டி தொங்கவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். சரியான உணவிலேயே தாதுக்கள் இருக்கின்றன.

கேள்வி: தன் கழிவையே தின்கிறது. தடுக்கலாமா?

பதில்: தடுக்காதீர்கள். அது பெருங்குடல்வாயில் நொதித்து வரும் மென்மையான உருண்டை; பி வைட்டமின்களும் புரதமும் அதில் உள்ளன. குனிந்து வாயாலேயே எடுத்துக்கொள்ளும். பருத்துப்போனதாலோ வலியாலோ குனிய முடியாதபோது அது பின்புறத்தில் ஒட்டிக்கிடக்கும். அப்படிக் கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.