போலி முத்து, மெய்யான மினுக்கம்: வாசகர் கேள்விகள்

சூடை மீன் செதிளிலிருந்து முத்துப் பூச்சு எடுக்கலாம் என்கிறார்கள். வீட்டில் முடியுமா? (பாசையூர்)

நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டால் முடியும். 17ஆம் நூற்றாண்டில் பாரிசில் செபமாலை செய்த ஜாக்கன் என்பவர், மீன் கழுவிய தண்ணீர் மினுங்கியதைப் பார்த்துத் தொடங்கிய வேலை இது என்பார்கள். மினுங்குவது செதிள் அல்ல. அதில் ஒட்டியிருக்கும் குவானின் என்ற தட்டைப் பளிங்குகள். என்னைக் கேட்டால் சூடையை விடச் சாவாளை நல்லது. அதற்குச் செதிளே இல்லை. வெள்ளி முழுவதும் தோலின் மேல்தான்.

புது மீனின் தோலைக் குளிர்ந்த உப்புத்தண்ணீருக்குள் மெல்லச் சுரண்டி, சில துளி அமோனியா விட்டு, மெல்லிய துணியில் வடித்து, அடைய விடுங்கள். அடியில் தங்கும் வெள்ளி மண்டியை ஸ்பிரிட்டால் இரண்டு மூன்று தரம், கடைசியில் அசற்றோனால் ஒரு தரம் கழுவி, நிறமில்லாத கியூட்டெக்ஸில் கலக்குங்கள். ஈரம் மிஞ்சினால் பூச்சு வெளிறிப் பாலாகிவிடும். குசினியில் மட்டும் வேண்டாம். அசற்றோன் ஆவி நிலத்தோடு தவழ்ந்து போய் அடுப்பில் பற்றிக்கொள்ளும்.

கடையில் வாங்கிய முத்துப் பவுடரைக் குழைத்துப் பூசினேன். பெயின்ற் அடித்த மணி மாதிரி இருக்கிறது. (சாவகச்சேரி)

தடிப்பாகப் பூசியிருப்பீர்கள். அந்தப் பவுடர் பெரும்பாலும் தைத்தேனியம் ஈரொட்சைட்டுப் பூசிய மைக்காத் தகடுகள். தகடுகள் படுத்தால்தான் மினுக்கம். தடித்த பூச்சில் அவை கண்டபாட்டுக்கு நின்றுவிடும். மணியை ஈர்க்கில் குத்தி, தண்ணிப் பதத்தில் தோய்த்து, வடியுமட்டும் சுழற்றி, வாழைக்குத்தியில் நட்டுக் காயவிடுங்கள். ஐந்தாறு தரம் இப்படி. பொறுமையில்லாதவர்களுக்கு இந்த வேலை சரிவராது. அடிமணி வெள்ளையென்றால் முத்து நிறம். கறுப்பென்றால் வானவில் நிறங்கள் தூக்கலாகத் தெரியும்.

சிப்பி ஓட்டை இடித்துப் பசையில் கலந்தால் சிப்பித் தகடு வருமா? (குருநகர்)

வராது. சிப்பியின் உட்பக்கம் ஒரு மைக்ரோனுக்கும் மெல்லிய கல்சியம் காபனேற்றுத் தகடுகளை அடுக்கி வைத்த சுவர். இடித்தால் அடுக்குக் குலைந்து வெறும் வெள்ளைத் தூள்தான் மிஞ்சும். தூசி நெஞ்சுக்கும் கூடாது.

ரெசினில் முத்துப் பவுடரைக் கொஞ்சமாகக் கலந்து தட்டில் ஊற்றுங்கள். தேன் பதத்துக்கு இறுகும் நேரம் ஈர்க்கால் வளைத்து வளைத்துக் கோடு இழுங்கள். தகடுகள் ஓட்டத்தோடு திரும்பிப் படுக்க, சிப்பியின் அலை வந்துவிடும். முந்தி இழுத்தால் கோடு மூடிப்போகும், பிந்தினால் கிழியும். கையுறை கட்டாயம், யன்னலும் திறந்திருக்கட்டும்.

அம்மம்மாவின் தோடு முத்து சிலாபத்துறை முத்தாம். வினாகிரியில் போட்டுப் பார்க்கட்டா? (நல்லூர்)

ஐயோ, வேண்டாம்! நல்ல முத்தென்றால் அரிபட்டுப் போகும். பிறகு அம்மம்மாவுக்கு யார் பதில் சொல்வது? முன்பல்லில் மெல்ல உரசுங்கள். மெய் முத்து நறநறக்கும், போலி வழுக்கும். வளர்ப்பு முத்தும் நறநறக்கும் என்பதால், மன்னார்க் கடலில் எடுத்ததா என்று பல் சொல்லாது.

துளையைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். விளிம்பில் தோல் போல உரிந்து உள்ளே கண்ணாடி தெரிந்தால், ஜாக்கனின் வாரிசுதான்.