பெரிய மோட்டார் வாங்குவதற்கு முன் ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள்

கேள்வி: ராமநாதபுரம் கடற்கரையோரம் சின்னதாக ஒரு வாட்டர் தீம் பார்க் நடத்துகிறோம். கூட்டம் சேர்ந்தால் குளியல் ஷவரில் தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. மதியத்துக்கு மேல் சறுக்கிலும் ஓட்டம் குறைந்துவிடுகிறது. போரில் பெரிய மோட்டார் இறக்கினால் சரியாகுமா? தண்ணீரையும் மிச்சம் பிடிக்க வேண்டும்.

பதில்:

இறக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்கள் என்றாலும் நிறுத்தி வையுங்கள். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுமே போரில் இருக்க வாய்ப்பு குறைவு. ஷவர் கோளாறு தொட்டியிலிருந்து வரும் பைப்பில் இருக்கும். சறுக்கின் கோளாறு குளத்து நீரைச் சறுக்குக்கு மேலே ஏற்றும் சுற்றோட்ட மோட்டாரின் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கும். போர் செய்வதெல்லாம் தொட்டியை நிரப்புவது மட்டும்தான். தொட்டி நிரம்பியிருந்தும் ஷவரில் வேகம் இல்லை என்றால், எத்தனை எச்.பி. போட்டாலும் வேகம் வராது.

முதலில் 0–4 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ அழுத்தம்) அளவுள்ள கேஜ் ஒன்றை வாங்கி, கடைசி ஷவருக்கு முன்னால் ஒரு டீ (T வடிவ பைப் இணைப்பு) போட்டு மாட்டுங்கள். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம் என்பது கணக்கு. தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு மேல் 6 மீட்டர் என்றால், காலையில் எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது 0.6 கிலோ காட்ட வேண்டும். அதுவே காட்டவில்லை என்றால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது தொட்டி நிரம்பவில்லை. 0.6 காட்டிவிட்டு, எல்லா ஷவரையும் திறந்ததும் 0.1-க்கு விழுகிறது என்றால் பைப் சிறிது, அல்லது கேட் வால்வ் பாதி மூடிக் கிடக்கிறது. வால்வின் பிடி முழுக்கத் திறந்த மாதிரி சுற்றும். உள்ளே தகடு கழன்று கீழேயே நிற்கும். உப்புக்காற்றில் இது சகஜம்.

பைப் எவ்வளவு தின்னும் என்று ஒரு கணக்கு பாருங்கள். 20 ஷவர், ஒவ்வொன்றிலும் நிமிடத்துக்கு 8 லிட்டர் என்றால் மொத்தம் 160 லிட்டர். இது 40 மி.மீ. உள்விட்டமுள்ள பைப்பில் 60 மீட்டர் ஓடினால் உராய்விலேயே சுமார் 7.5 மீட்டர் உயரத்துக்கான அழுத்தம் போய்விடும். மேலே சொன்ன தொட்டி தருவதோ 6 மீட்டர். அந்த 160 லிட்டர் வரவே வராது; ஓட்டம் தானாகக் குறைந்து நூலாகிவிடும். அதே ஓட்டம் 65 மி.மீ. பைப்பில் போனால் 0.7 மீட்டர்தான் போகும். விட்டம் சற்றுக் கூடினாலே உராய்வு பல மடங்கு குறையும். மோட்டாருக்கு வைத்திருக்கும் பணத்தை பைப்புக்குப் போடுங்கள். முடிந்தால் ஷவர் வரிசையின் இரண்டு முனையையும் தொட்டியோடு சேர்த்து வளையமாக்கிவிடுங்கள். கடைசி ஷவருக்கு இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் வரும்.

பைப் வாசலுக்கு மேலே ஏறி இறங்கினால், அந்த மேட்டில் காற்று தங்கிப் பாதையை அடைக்கும். அங்கே ஓர் ஏர் வால்வ் போதும்.

பைப்பை மாற்ற வழியே இல்லை என்றால் ஷவர் லைனுக்கு மட்டும் பூஸ்டர் (அழுத்தம் கூட்டும் மோட்டார்) வையுங்கள். மணிக்கு 10,000 லிட்டர், 20 மீட்டர் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்), 1.5 எச்.பி. தாராளம். பூஸ்டரோடு வைக்கும் பிரஷர் டேங்கில் தண்ணீரை வடித்துவிட்டு, மோட்டார் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 0.2 கிலோ குறைவாகக் காற்று அடிக்க வேண்டும்: 1.5-ல் ஓடத் தொடங்கினால் காற்று 1.3. இதைப் பலர் விட்டுவிடுவதால்தான் மோட்டார் ஓயாமல் விட்டுவிட்டு ஓடி எரிகிறது.

ஷவர் முகப்பையும் கழற்றிப் பாருங்கள். இந்தப் பக்கத்து உவர்ப்புக்கு ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் வெள்ளைச் சுண்ணாம்பு வளையம் கட்டியிருக்கும், துளை பாதியாகியிருக்கும். ஊசியால் குத்தினால் துளை கோணலாகி, தண்ணீர் சுவரில் அடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்தால் உதிர்ந்துவிடும்.

இனி சறுக்கு. காலையில் நன்றாக ஓடி மதியம் குறைகிறது என்றாலே இரண்டு இடத்தைச் சந்தேகப்படலாம். ஒன்று, மோட்டாருக்கு முன்னால் உள்ள ஸ்ட்ரெய்னர் கூடை. தலைமுடி, ரப்பர் பேண்டு, காயத்துக்கு ஒட்டிய பிளாஸ்திரி, கடல் மணல் எல்லாம் அங்கேதான் சேரும். கூட்ட நாளில் மதிய இடைவேளையில் மோட்டாரை நிறுத்தி ஒரு முறை கழுவியாக வேண்டும். இன்னொன்று, சறுக்குக் குளத்தின் நீர்மட்டம். குதிப்பவர்கள் வெளியே தெறிக்கவிடுவதும் உடம்போடும் துணியோடும் கொண்டுபோவதுமாக மட்டம் இறங்கும். ஒரு அளவுக்குக் கீழே போனதும் உறிஞ்சும் வாயில் சுழி விழுந்து காற்று உள்ளே போகும். மோட்டாருக்குள் கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் கேட்டாலோ, சறுக்கின் தலையில் தண்ணீரோடு குமிழ் வந்தாலோ இதுதான். குளத்தின் சுவரில் குறைந்தபட்ச மட்டத்தை ஒரு ஓட்டில் பெயின்ட் கோடாகப் போட்டு வையுங்கள்.

மின்மாற்றியில் வேலை நடந்த மறுநாளிலிருந்து ஓட்டம் குறைந்தது என்றால் பேஸ் மாறி மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறது. தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும்; அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. மோட்டாரின் உடம்பில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். மின்சாரம் மிச்சம் என்று வி.எஃப்.டி. (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டு வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்செலவு பாதிக்கு வரும், உண்மைதான். ஆனால் ஹெட் 64 சதவீதமாக விழும். சறுக்கின் உச்சிக்குத் தண்ணீர் ஏறாது.

ஓட்டம் குறைந்த சறுக்கில் ஆளை விடாதீர்கள். நடுவில் சிக்குவார்கள், தோல் உராயும், பின்னால் வருபவர் வந்து மோதுவார். அதே போல, சுற்றோட்ட மோட்டாரையும் பெரிதாக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். குளத்தின் அடியில் உறிஞ்சும் வாய் ஒன்றே ஒன்று இருந்து, அதில் பெரிய மோட்டார் இழுத்தால் பிள்ளைகளின் முடியோ உடம்போ அதில் ஒட்டிக்கொள்ளும். குறைந்தது இரண்டு வாய், தள்ளித் தள்ளி, உடையாத மூடியோடு இருக்க வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

போருக்கு வருகிறேன். மண்டபம், உச்சிப்புளி, அரியமான் என்று இந்த ஓரம் முழுக்க மணலுக்கடியில் நல்ல தண்ணீர் தனியாக இல்லை; உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும் என்பது கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மேல்மட்டத்தை நிரந்தரமாக அரை மீட்டர் இறக்கினால், அடியில் உப்பு 20 மீட்டர் அளவுக்கு ஏறிவரும். பெரிய மோட்டார் செய்வது இதைத்தான். உங்கள் போரோடு நிற்காது, பக்கத்துத் தோப்புக் கிணறும் உவர்க்கும். ஒரே இடத்தில் ஆழமாக இழுப்பதைவிட, ஆழமில்லாத சில கிணறுகளில் சிறு மோட்டாரால் மெதுவாக, இடைவெளி விட்டு எடுங்கள். வாரம் ஒரு முறை டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்பின் அளவு) பார்த்து எழுதி வையுங்கள். ஏறத் தொடங்கினால் அந்தக் கிணற்றுக்கு ஓய்வு. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் நிலத்தடி நீர் எடுக்கக் கட்டுப்பாடு உண்டு. கட்டுவதற்கு முன்பே விசாரித்திருக்க வேண்டியது இது.

மிச்சம் பிடிப்பது எங்கே? சறுக்கில் ஓடும் தண்ணீர் செலவல்ல. அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. செலவு ஷவர், கழிவறை, பேக்வாஷ் (ஃபில்டரில் தண்ணீரைத் தலைகீழாக விட்டுக் கழுவுவது), ஆவி, கசிவு ஆகியவைதான். நிமிடத்துக்கு 15 லிட்டர் கொட்டும் ஷவரில் ஒருவர் 4 நிமிடம் நின்றால் 60 லிட்டர். 8 லிட்டர் ஷவரில், அழுத்தினால் வந்து தானே நிற்கும் குழாய் வைத்து 3 நிமிடம் என்றால் 24 லிட்டர். 400 பேர் வரும் நாளில் வித்தியாசம் 14,400 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி ஒன்றுக்கும் மேல். பைப்பைச் சரிசெய்த பிறகே ஓட்டக் கட்டுப்பாட்டு வளையம் போடுங்கள். அழுத்தம் இல்லாத லைனில் போட்டால் சோப்பு போகாமல் இரு மடங்கு நேரம் நிற்பார்கள்.

பேக்வாஷைக் கிழமை பார்த்துச் செய்யாதீர்கள். கழுவிய உடன் ஃபில்டர் கேஜ் என்ன காட்டுகிறதோ அதை அதன் மேலேயே எழுதி, 0.5 கிலோ ஏறியதும் கழுவுங்கள். 1.2 மீட்டர் விட்ட ஃபில்டரில் 3 நிமிடத்துக்குச் சுமார் 2,200 லிட்டர் போகும். வெளியேறும் பைப்பின் பார்வைக் கண்ணாடியில் நீர் தெளிந்ததும் நிறுத்தாமல் பேசிக்கொண்டு நின்றால் அது இரட்டிப்பாகும். கழுவிய நீரைத் தனிச் சம்பில் ஒரு நாள் தெளியவிட்டு, மேல் நீரைக் கழிவறைக்குப் பயன்படுத்துங்கள். கடலுக்குத் திறந்துவிடாதீர்கள்; எதிரே மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, குளோரின் அங்கே போகக் கூடாது. கடலில் குளித்துவிட்டு நேரே வருபவர்கள் கால் கழுவி, தலை எண்ணெய் போகக் குளித்து இறங்கினால் ஃபில்டர் மணல் உருண்டை கட்டாது. அந்தச் சின்னக் குளியல் செலவல்ல, பேக்வாஷைக் குறைக்கும் வழி.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நாளுக்கு 6 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தால், 400 சதுர மீட்டர் குளத்தில் 2,400 லிட்டர். மேற்குப் பக்கம் வலையோ மரவரிசையோ காற்றைத் தடுக்கும். அதைவிட அதிகம் குறைகிறதா என்று அறிய, மோட்டாரை நிறுத்திவிட்டு, குளப்படியில் ஒரு வாளி நிறைய குளத்து நீரை வைத்து, உள்ளேயும் வெளியேயும் கோடு போட்டு 24 மணி நேரம் விடுங்கள். வாளியைவிடக் குளம் அதிகம் இறங்கினால் கசிவு. 500 சதுர மீட்டர் கூரை இருந்தால், ஆண்டுக்கு 800 மி.மீ. மழை என்ற கணக்கில், வீணாவது போக 3,20,000 லிட்டர் பிடிக்கலாம். பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். தொட்டி அதற்குள் தயாராக இருக்க வேண்டும்.

வறண்ட மாவட்டத்தில் இந்தக் கேளிக்கை தேவையா என்று கீழே யாராவது எழுதுவார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும் நாலு குடம் அடுக்கிய தள்ளுவண்டியோடு பெண்கள் நடக்கும் ஊர்கள் இங்கே உண்டு. ஆனால் அந்த ஊர்களின் ஊற்றுக் கிணறுகளிலிருந்து இரவோடு இரவாக லாரி நிரப்பி விடுதிகளுக்கு விற்பதை யாரும் கேட்பதில்லை. ஊரணிக்கு வரும் வாய்க்காலை மறித்து மனை போட்டவர்களையும் கேட்பதில்லை. ஒழுங்காகச் சுற்றவிட்டு, மழையைப் பிடித்து நடத்தும் ஒரு பூங்கா அந்த லாரிகளைவிடக் குறைவாகவே எடுக்கும். ஆனால் அதை நீங்கள் மீட்டர் வைத்துக் காட்ட வேண்டும்: போரில் ஒன்று, ஷவர் லைனில் ஒன்று, குளத்துக்கு ஊற்றும் லைனில் ஒன்று.

கேஜ் மாட்டியதும் நான்கு எண்களை இங்கே எழுதுங்கள்: குழாய் மூடியிருக்கும்போது அழுத்தம், எல்லாம் திறந்திருக்கும்போது அழுத்தம், பைப்பின் உள்விட்டம், தொட்டியிலிருந்து கடைசி ஷவர் வரை நீளம். எந்த அளவு பைப் போட வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.