கையைக் கடிக்காமல் சமையலறையைப் புதுப்பிக்க: கேள்வி பதில்

சமையலறை வேலைகளை எடுத்துச் செய்பவன் என்ற முறையில், இது பற்றிக் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை. அளவும் பொருளும் தெரியாமல் தொகை சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

கேள்வி: கையில் இருப்பது கொஞ்சம்தான். டைல்ஸா, அலமாரியா, மேடையா, எதில் தொடங்குவது?

மூன்றிலும் வேண்டாம். முதலில் சிங்க்குக்குக் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒழுகல், ஓதம், துருப்பிடித்த இணைப்பு, பூஞ்சை ஏதாவது இருக்கிறதா? அப்புறம் ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து ஒயரிங்கைச் சோதிக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டும் சரியில்லாமல் மேலே எதை ஒட்டினாலும் திரும்பப் பிய்க்க வேண்டியிருக்கும்.

சுவரில் ஓதம் இருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் கோத்தால் அது சுவருக்குள்ளிருந்து வருவது. தாளின் முன்பக்கம் ஈரமானால் அது அறைக்குள் தங்கும் நீராவி. காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

பட்ஜெட்டில் 10 முதல் 15 சதவீதத்தை ஒதுக்கிவிட்டு மீதிக்குத் திட்டம் போடுங்கள். பழைய பூச்சைத் தட்டிய பிறகு என்ன வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: சிங்க்கை எதிர்ச் சுவரில் ஜன்னலுக்குக் கீழே கொண்டுபோக ஆசை. செய்யலாமா சார்?

செய்யலாம். ஆனால் உங்கள் பட்ஜெட்டில் பெரும் பங்கை அந்த ஒரு ஆசையே தின்றுவிடும். நல்ல தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கவலையில்லை, எங்கே வேண்டுமானாலும் வளைத்துக் கொண்டுபோகலாம். கழிவுநீர்க் குழாய்தான் தலைவலி. அதற்கு மீட்டருக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் வாட்டம் வேண்டும். சிங்க் 3 மீட்டர் தள்ளிப் போனால் 6 சென்டிமீட்டர் இறக்கம், அதோடு குழாயின் கனம். தரையை உடைத்து, நீர்க்கசிவுத் தடுப்பு மறுபடி செய்து, மறுபடி டைல்ஸ் போட வேண்டும். அடுக்குமாடி என்றால் உங்கள் தரைதான் கீழ்வீட்டுக்காரரின் கூரை, அதையும் மறக்க வேண்டாம்.

அதே சுவரில் ஒரு மீட்டர் இடமோ வலமோ நகர்த்துவது சுலபம். குழாய் அலமாரிக்குள்ளேயே போய்விடும்.

அவரே மறுபடி: தரையை உடைக்காமல், மேலே உயர்த்திக் குழாயைப் புதைத்துவிடலாம் என்கிறார் பிளம்பர்.

உயர்த்தலாம்தான். அப்புறம் வாசலில் ஒரு படி வரும், தினமும் யாராவது இடறுவார்கள். தரை உயர்ந்த அளவுக்கு மேடை தாழ்ந்துபோகும், கதவின் அடியைச் சீவ வேண்டும், கீழ் அலமாரிகளையும் கழற்றி மாட்ட வேண்டும். ஜன்னல் வெளிச்சம்தான் உங்கள் நோக்கம் என்றால், காய்கறி நறுக்கும் இடத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். சிங்க் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், நல்ல விளக்கு ஒன்றை அதற்கு மேலே போடுங்கள்.

கேள்வி: பிளைவுட் வாங்கப் போனால் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., பி.டபிள்யூ.பி. என்கிறார்கள். விலை அதிகமானதையே வாங்கிவிடுவதா?

எல்லா இடத்துக்கும் தேவையில்லை. எம்.ஆர். காற்றின் ஈரப்பதத்தைத் தாங்கும், தேங்கும் தண்ணீரைத் தாங்காது. பி.டபிள்யூ.ஆர். அதைவிட மேல். பி.டபிள்யூ.பி.தான் மரைன் பிளை என்று விற்பது. சிங்க்குக்குக் கீழே உள்ள பெட்டிக்கு மரைன் பிளை, மற்ற கீழ் அலமாரிகளுக்கு பி.டபிள்யூ.ஆர்., தண்ணீர் எட்டாத மேல் அலமாரிகளுக்கு எம்.ஆர். என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மரத்தூளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டைப் பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். விலை குறைவு, பார்க்கவும் நன்றாக இருக்கும். ஓரத்தில் தண்ணீர் புகுந்தால் உப்பும், உப்பியது திரும்ப அடங்காது. ஒருமுறை திருகாணி கழன்ற ஓட்டையில் மறுபடி பிடிப்பு இருக்காது. மேல் அலமாரிக்கு, அதுவும் கனமான பாத்திரம் வைக்காத இடத்துக்கு மட்டும் யோசிக்கலாம்.

எந்தப் பலகையானாலும் கண்ணுக்குத் தெரியாத ஓரங்களிலும் எட்ஜ் பேண்ட் (வெட்டிய ஓரத்தை மூடும் பட்டை) ஒட்டியிருக்கிறார்களா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். அடிப்பக்கத்திலும் பின்பக்கத்திலும்தான் ஏமாற்றுவார்கள். கீழ் அலமாரி தரையில் உட்காரக் கூடாது. 10 சென்டிமீட்டர் உயரக் கால்களில் நிற்க வேண்டும். தரை கழுவும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

கேள்வி: அலமாரிகள் உறுதியாகத்தான் இருக்கின்றன அண்ணா, கதவுகள்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

உங்களுக்கு அதிர்ஷ்டம். பெட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கதவை மட்டும் மாற்றுங்கள், அல்லது பெயின்ட் அடியுங்கள். இன்றைய மறைகீல்களில் பெரும்பாலானவை 35 மில்லிமீட்டர் குழியில் உட்காருபவை. அதனால் பழைய கதவிலேயே, குழியைத் தொடாமல் மெதுவாக மூடும் கீலாக மாற்றிக்கொள்ளவும் முடியும்.

பெயின்ட் என்றால் முக்கால்வாசி உழைப்பு அடிப்பதற்கு முன்னால்தான். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புநீர் விட்டு இரண்டு முறை துடைத்து, நன்றாகக் காயவிட்டு, 180 அல்லது 220 எண் உப்புத்தாள் போட்டு, பிரைமர் அடித்து, அப்புறம்தான் நிறம். மெல்லியதாக இரண்டு பூச்சு. லேமினேட் பரப்பு என்றால் வழுக்கும் பரப்பில் பிடிக்கும் பாண்டிங் பிரைமரைக் கேட்டு வாங்குங்கள். பிசுக்கின் மேலே அடித்த பெயின்ட் தோலாக உரிந்து வரும்.

கேள்வி: பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாமா?

பழையது சுவரை விடாமல் பிடித்திருந்தால் ஒட்டலாம், உடைக்கும் கூலியும் குப்பை அள்ளும் கூலியும் மிச்சம். ஒவ்வொரு டைலையும் ஒரு நாணயத்தால் தட்டுங்கள். அங்கங்கே பொள்ளல் சத்தம் வந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டுப் பூசி நிரப்பலாம். எங்கும் அதே சத்தம் என்றால் உடைப்பதே வழி. பழைய பளபளப்பைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, பாலிமர் கலந்த டைல் பசையால் ஒட்ட வேண்டும், வெறும் சிமென்ட் பிடிக்காது. சுவர் ஒன்றரை சென்டிமீட்டர்வரை முன்னால் வந்துவிடும். சுவிட்ச் பெட்டிகள் உள்ளே போய்விடும், அவற்றை முன்னே இழுக்க வேண்டும். மேடையின் அகலமும் அந்த அளவு குறையும்.

கேள்வி: டைல்ஸ் பெயின்ட்?

தண்ணீரும் சூடும் படாத சுவருக்குச் சரி. அடுப்புக்குப் பின்னால் வேண்டாம். பெரும்பாலும் டைல்ஸ் அழுக்காக இருக்காது, இடையிலுள்ள கிரவுட்தான் கறுத்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு எப்பாக்சி கிரவுட் நிரப்பிப் பாருங்கள், அதற்கு மேல் எதுவும் தேவைப்படாமல் போகலாம்.

கேள்வி: எனக்கும் கணவருக்கும் உயரத்தில் நிறைய வித்தியாசம். இரண்டு பேருமே சமைக்கிறோம். மேடை எந்த உயரம் வைப்பது?

வழக்கமாக 85 முதல் 90 சென்டிமீட்டர். உங்களுக்கு ஏற்ற அளவு தெரிய, நேராக நின்று முழங்கையை மடக்குங்கள். முழங்கையிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே. யார் அதிக நேரம் நிற்கிறாரோ அவர் அளவுக்கு வையுங்கள். மற்றவருக்குத் தடிமனான நறுக்குப் பலகையோ ஒரு சிறு படியோ போதும். அடுப்பு மேடைக்கு மேல் உட்காருவதால் அந்த உயரத்தையும் கணக்கில் சேருங்கள். சிங்க்கில் கை அடிவரை போகும், ஆகவே அந்த இடம் தாழக் கூடாது.

கேள்வி: சிம்னி கட்டாயமா?

இல்லை. குழாய் வழியாகப் புகையை வெளியே தள்ளாத சிம்னி எண்ணெயையும் ஓரளவு வாசனையையும்தான் பிடிக்கும். சூடும் நீராவியும் அறைக்குள்ளேயே சுற்றும். வெளியே குழாய் விட முடியாவிட்டால், அந்தப் பணத்தில் பாதிக்கும் கீழே நல்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாம். ஃபேன் ஓடும்போது எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலோ கதவின் அடி இடைவெளியோ திறந்திருக்க வேண்டும். உள்ளே வரக் காற்று இல்லாவிட்டால் வெளியே போகவும் போகாது. சிம்னிதான் என்று முடிவானால், எரிவாயு அடுப்புக்கு மேலே 65 முதல் 75 சென்டிமீட்டர், குழாயில் வளைவுகள் குறைவாக.

கேள்வி: பிளக் பாயின்ட் எத்தனை வைப்பது?

இன்று தேவைப்படுவதைவிட இரண்டு கூடுதலாக. எண்ணிக்கையைவிட லைன் முக்கியம். 230 வோல்ட்டில் 2000 வாட் மின் அடுப்பு ஒன்று ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். கூடவே 1500 வாட் கெட்டில் சேர்ந்தால் 15-ஐத் தாண்டும். இரண்டும் ஒரே சாதாரண லைனில் இருந்தால் அடிக்கடி டிரிப் ஆகலாம், லைன் தாங்காத சுமையிலும் டிரிப் ஆகாவிட்டால் அது இன்னும் ஆபத்து. கனமான சாதனங்களுக்கு 16 ஆம்பியர் பாயின்ட், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், தனி லைன். மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். அடுப்புக்கு நேர் மேலேயும் சிங்க்கை ஒட்டியும் பாயின்ட் வேண்டாம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் ஒயர் ஓடும் சுவர்களை அளவுநாடாவோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் துளை போடும்போது உதவும்.

கேள்வி: 6 அடிக்கு 10 அடி அறை. இதில் என்ன செய்ய முடியும்?

நிறையவே. 1926-ல் மார்கரேட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சமையலறை ஏறக்குறைய 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான், உங்களுடையதைவிடக் கொஞ்சம்தான் பெரியது. நடையைக் கணக்கிட்டு, எட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் வைத்தார். கூரைத் தண்டவாளத்தில் நகரும் விளக்குகூட அதில் இருந்தது.

உங்கள் அறையில் இரண்டு பக்கமும் 2 அடி மேடை போட்டால் நடக்க 2 அடிதான் மிஞ்சும், முட்டிக்கொள்வீர்கள். ஒரு நீளச் சுவரில் மட்டும் மேடை, எதிர்ச் சுவரில் ஓர் அடி ஆழத் திறந்த அடுக்குகள். நடுவில் 3 அடி கிடைக்கும். ஓர் அடி ஆழத்தில் பொருள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளியாது என்பது இன்னொரு லாபம். அளவெடுக்கும்போது சுவரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து குறைந்ததை எடுங்கள். நேரான சுவர் அபூர்வம்.

கேள்வி: வாடகை வீடு. ஏதாவது செய்யலாமா?

கழற்றி எடுத்துப் போகக்கூடியது மட்டும்: தனியாக நிற்கும் அடுக்கு, மேல் அலமாரிக்கு அடியில் எல்.இ.டி. பட்டை விளக்கு, புது குழாய் முனை. பழையதைப் பத்திரமாக வைத்திருந்து காலி செய்யும்போது மாட்டிவிடுங்கள்.

கேள்வி: தச்சர் பாதிப் பணம் முன்பணமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பொருள் வாங்கத்தான் என்றால், பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு, கூலிக்கு மட்டும் சிறு முன்பணம் கொடுங்கள். மீதியை வேலையின் கட்டங்களோடு கட்டிவிடுங்கள்: பெட்டிகள் நின்றதும் ஒரு பங்கு, கதவுகள் மாட்டியதும் ஒரு பங்கு. கடைசிப் பத்து சதவீதத்தை எல்லாக் கதவும் ஒட்டாமல் திறந்து மூடி, சிங்க்கில் தண்ணீர் நிரப்பித் திறந்துவிட்டு ஒழுகல் இல்லை என்று பார்த்த பிறகு கொடுங்கள். சதுர அடிக் கணக்கு என்றால் எதை அளப்பார் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள். முன்பக்கப் பரப்பை மட்டும் அளப்பதும், உள் தட்டுகளையும் சேர்த்து அளப்பதும் ஒரே விலையில் வெவ்வேறு தொகையாக வந்து நிற்கும். பலகையின் வகை, கீலின் பிராண்ட், அளவு முறை மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தயங்கினால் வேறு தச்சரைப் பாருங்கள்.