அடையாள அட்டையைச் செயலிக்குக் காட்டலாமா?

கேள்வி: தட்டச்சு, போட்டோ கொப்பிக்கென்று சிறிய கடை நடத்துகிறேன். சிங்களத்தில் வரும் கடிதங்களை வயதானவர்கள் கொண்டுவந்து விளக்கம் கேட்கிறார்கள். கைப்பேசியில் படமெடுத்துச் சாட்ஜிபிடியில் இட்டுத் தமிழில் சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்கள் பிறகு யாருக்குச் சொந்தம்?
— வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: நீங்கள் உள்ளிடுவதும் செயலி தருவதும் உங்களுடையவையே என்றுதான் நிறுவனத்தின் நிபந்தனைகள் சொல்கின்றன. ஆனால் சொந்தம் என்பது வேறு, பயன்படுத்தும் அனுமதி என்பது வேறு. தனிநபர் கணக்கில் நடக்கும் உரையாடல்களை, நீங்கள் தடுக்காதவரை, தங்கள் மாதிரியை, அதாவது செயலிக்குப் பின்னால் இயங்கும் செயற்கை நுண்ணறிவை, பயிற்றுவிக்க அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அமைப்புகளில் தரவுக் கட்டுப்பாடு என்ற பகுதிக்குச் சென்று அதை நிறுத்திவிடுங்கள். அது இனிவரும் உரையாடல்களுக்கே பொருந்தும். இதேபோன்ற இன்னொரு செயலியான கூகுளின் ஜெமினியில், நிறுவனத்துக்காக மனிதர்கள் பார்வையிட்ட உரையாடல்கள், நீங்கள் அழித்த பின்னும் 3 ஆண்டுகள் வரை வைத்திருக்கப்படலாம்.

இவையெல்லாம் உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கணக்கு. என்னை வருத்துவது, உங்கள் மேசைக்கு முன்னால் காத்து நிற்கும் அந்த முதியவர் இக்கணக்கில் எங்குமே இல்லை என்பதுதான். கடிதம் அவருடையது; அதிலுள்ள விவரங்களும் அவருடையவை. கடிதத்தில் இருக்கக்கூடிய நம்முடைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே பாருங்கள்: பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் காட்டுகின்றன, பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டப்படுவதால், ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடுகிறது. புதிய 12 இலக்க எண்ணிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் நான்கு எண்களாகிறது. பெயரும் முகவரியும் அதன் அருகிலேயே இருந்தால், ஒருவரைப் பற்றி அறிய வேண்டியவற்றில் பெரும்பகுதி ஒரே படத்தில் வெளியேறிவிடும்.

ஆகவே படமெடுக்கும் முன், பெயர், முகவரி, இலக்கம் உள்ள இடங்களை ஒரு வெள்ளைத் தாளால் மறைத்துவிடுங்கள். கடிதத்தின் பொருளை மொழிபெயர்க்க அவை தேவையே இல்லை. படம் வெளிநாட்டு நிறுவனமொன்றின் கணினிக்குப் போகிறது என்பதைச் சொல்லி, அவருடைய சம்மதத்தைக் கேளுங்கள். கிளினிக் கொப்பியை மட்டும், அவர் சம்மதித்தாலும், இடவே வேண்டாம் என்பது என் கருத்து. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. சட்டத்தின் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது 2025 மார்ச்சில் தள்ளிவைக்கப்பட்டது உண்மையே. அதற்காக ஒருவருடைய நோயை அந்நியரிடம் ஒப்படைக்க நமக்கு உரிமை வந்துவிடாது.

செயலியைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கைப்பேசியின் படத்தொகுப்பிலும் அதே படம் கிடக்கிறது. தானாகச் சேமிக்கும் வசதி இயங்கினால், இணையத்திலும் ஒரு பிரதி இருக்கும். வேலை முடிந்ததும், அவர் கடையில் நிற்கும்போதே, இரண்டையும் அழித்துக் காட்டுங்கள்.