ஸிங்க் பூசிய ஸ்பிரிங் ஏன் மறுநாள் ஒடிந்தது? ஹை கார்பன் எஃகு: கேள்வி-பதில்

சிங்கப்பூரின் துவாஸில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். கடல் காற்றில் இழுவை ஸ்பிரிங்குகள் துருப்பிடிப்பதால், இந்த முறை புதியவற்றுக்கு ஸிங்க் பிளேட்டிங் (மின்சாரத்தால் போடும் துத்தநாகப் பூச்சு) போட்டு வாங்கினோம். மாட்டிய மறுநாளே சில, கொக்கி வளைவில் ஒடிந்துவிட்டன. சுமை வழக்கமானதுதான். எஃகு மட்டமா?

எஃகின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, ஹைட்ரஜன் மேல்தான். பிளேட்டிங்குக்கு முன் அமிலத்தில் கழுவும்போதும், தொட்டியில் மின்சாரம் பாயும்போதும் எஃகின் பரப்பில் ஹைட்ரஜன் உண்டாகிறது. அதில் ஒரு பங்கு உள்ளே புகுந்துவிடும். கார்பன் குறைந்த மைல்ட் ஸ்டீலுக்கு இதனால் பெரிய கேடில்லை. ஸ்பிரிங் போன்ற கடினமான எஃகில், இழுவிசை எங்கே அதிகமோ அங்கே அது போய்ச் சேர்ந்து விரிசலைத் திறக்கும். மாட்டியவுடன் ஒடியாமல் பல மணி நேரம் கழித்து ஒடிவதும், அதுவும் கொக்கி வளைவில் ஒடிவதும் இதற்கே உரிய அடையாளங்கள். ஒடிந்த முகத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கம்பி நீண்டு மெலிந்த தடயமே இல்லாமல், சர்க்கரை போலப் பொடிப்பொடியாக மின்னினால் ஏறக்குறைய உறுதி.

பிளேட்டிங் முடிந்து 4 மணி நேரத்துக்குள் ஸ்பிரிங்குகளை அடுப்பில் ஏற்றி, 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். எவ்வளவு நேரம் என்பது கடினத்தன்மையைப் பொறுத்தது. 8 மணி நேரத்துக்குக் குறைந்தால் நான் ஏற்கமாட்டேன். வாய்வார்த்தையாகச் சொல்லாமல் ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள். விரிசல் விழுந்தபின் சூடாக்கிப் பயனில்லை என்பதால், அதே லாட்டில் மிச்சமுள்ளதைத் தயவுசெய்து மாட்டாதீர்கள். ஒடியும் ஸ்பிரிங் யார் முகத்தில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

இங்கே விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும், அதோடு உப்புக்காற்று வேறு. பூச்சு வேண்டும்தான். மின்சாரம் இல்லாமல் போடும் ஸிங்க் ஃபிளேக் (துத்தநாகச் செதில்) பூச்சைக் கேளுங்கள். உருகிய துத்தநாகத்தில் முக்கும் கால்வனைசிங் வேண்டாம். அந்தத் தொட்டியின் 450 டிகிரி சூட்டில் ஸ்பிரிங்கின் பதமே போய்விடும். ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு மாறலாம். ஆனால் அதே அளவில் செய்தால் விறைப்பு சுமார் எட்டில் ஒரு பங்கு குறையும், கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

ஸ்பிரிங் இன்னும் விறைப்பாக வேண்டும். ஹீட் ட்ரீட்மெண்ட்டில் கடினத்தைக் கூட்டச் சொல்லலாமா?

கூட்டினாலும் விறைப்பு மாறாது. நிரந்தரமாக வளையாமல் எவ்வளவு சுமை தாங்கும் என்பதைத்தான் கடினத்தன்மை மாற்றும். விறைப்பைத் தீர்மானிப்பது கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், சுற்றுகளின் எண்ணிக்கை. தடிமனின் நான்காம் படிக்கு ஏற்ப விறைப்பு ஏறும்: 2 மில்லிமீட்டர் கம்பியை 2.2 ஆக்கினாலே சுமார் 46 சதவீதம் கூடிவிடும்.

மணல் சரியும் ஷூட்டில் (சரிவுப் பாதையில்) எஸ்கே5 என்ற ஹை கார்பன் எஃகுத் தகடு போடலாம் என்கிறார் கடைக்காரர். எங்கள் பட்டறையில் அதே தகட்டில்தான் ஸ்பிரிங் கிளிப் செய்கிறோம். இரண்டுக்கும் ஒரே எஃகு எப்படிப் பொருந்தும்?

எஃகு ஒன்றுதான், பதம்தான் வேறு. எஸ்கே5-இல் கார்பன் 0.8 முதல் 0.9 சதவீதம். சுமார் 800 டிகிரிக்குக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தபின், 200 டிகிரி வாக்கில் டெம்பர் செய்தால் (மறுபடி மிதமாகச் சூடாக்கினால்) தேய்மானத்தைத் தாங்கும், ஆனால் வளைத்தால் உடையும். 400 டிகிரி வாக்கில் செய்தால் கடினம் குறைந்து ஸ்பிரிங்குக்கு வேண்டிய துள்ளல் வரும். அதனால் எந்த எஃகு என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதற்கு என்ன சூடு காட்டியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கடையில் சாஃப்ட் தகடும் கிடைக்கும், ஹார்டன் செய்ததும் கிடைக்கும். நல்ல அரம் ஒன்றை ஓரத்தில் இழுத்தால் தெரிந்துவிடும்: சாஃப்ட் தகட்டை அரம் கடிக்கும், நன்றாகக் கடினமேறிய தகட்டில் வழுக்கிக்கொண்டு போகும்.

மணல் என்பதால் இன்னொன்று. குவார்ட்ஸ் மணலின் கடினம் விக்கர்ஸ் அளவில் 1000-க்கு மேல். ராக்வெல் என்ற இன்னொரு கடின அளவில் 60 காட்டும் எஃகே, விக்கர்ஸில் 700 வாக்கில்தான் நிற்கும். எனவே எஸ்கே5-உம் தேயும், மெதுவாகத் தேயும், அவ்வளவுதான். குரோமியம் கார்பைடு பூசிய தகடு விலை கூடினாலும் ஷூட்டுக்கு அதைத்தான் சொல்வேன். மாங்கனீஸ் எஃகு இங்கே வேண்டாம். ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882-இல் கண்ட அந்த எஃகு, அடிபட அடிபடத்தான் கடினமாகும். கல் நொறுக்கும் தாடைக்கும் ரயில் தண்டவாளக் குறுக்குக்கும் பிரமாதம். மணல் வெறுமனே உரசிப் போகும் இடத்தில் அதற்கு அந்த அடியே கிடைக்காது.

லாரியின் லீஃப் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை விரிசல் விட்டுவிட்டது. வெல்டிங் செய்து சில வாரம் ஓட்டலாமா? பின்னால் ஆட்களை ஏற்றிப்போகும் வண்டி.

கூடாது. வெல்டிங் ஓரத்தில் எஃகு சட்டென்று குளிர்ந்து நொறுங்கும் தன்மை அடையும். அதற்குச் சற்றுத் தள்ளி, தோய்ச்சல் போய் மிருதுவாகும். ஒவ்வொரு குழியிலும் பட்டை வளையும்போது அந்த இடத்தில்தான் மறுபடி விரிசல் விழும். புதுப் பட்டை போடும்வரை வண்டியை நிறுத்தி வையுங்கள். கழற்றும்போது மற்றப் பட்டைகளையும் எதிர்ப்பக்க ஸ்பிரிங்கையும் தேய்த்துச் சுத்தம் செய்து, நடு போல்ட் துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.