பூர்வீக வீட்டை வைத்துச் சீன மொழி படிக்க வைக்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் சிறிய பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். பிளஸ் டூ முடித்த மகள், பி.ஏ. சீன மொழிதான் படிப்பேன் என்கிறாள். ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடத்துக்கு 12 லட்சம் கேட்கிறார்கள். பிக்சட் டெபாசிட்டில் 4 லட்சம் இருக்கிறது. மீதிக்குப் பூர்வீக வீட்டில் எங்கள் பங்கை வைத்துக் கடன் வாங்கலாமா? படித்தால் வேலை கிடைக்குமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: ஆச்சி, படிப்பு சரி. 12 லட்சம்தான் சரியில்லை.

முதலில் வீடு. பாகம் பிரிக்காத வீடு என்றால், பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடாமல் வங்கி அதை அடமானமாக ஏற்பது கஷ்டம். அந்தப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.

மகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2024-25 நிதியாண்டில் சீனாவிலிருந்து இந்தியா இறக்குமதி செய்தது 11,300 கோடி டாலருக்கும் மேல். உங்கள் கடையிலேயே பிளாஸ்க்கைக் கவிழ்த்துப் பாருங்கள், தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் இருக்கிறது. தைவான் கம்பெனி, அங்கிருந்து வரும் பொறியாளர்கள் பேசுவதும் சீனாவின் பொது மொழியான மாண்டரின்தான். (எழுத்து மட்டும் வேறு. சீனாவில் சுருக்கிய எழுத்து, தைவானில் பழைய முழு எழுத்து.)

ஆனால் மொழிக்கு மட்டும் நல்ல சம்பளம் கிடைப்பது அரிது. அந்தக் காலத்தில் மலேயாவுக்குக் கொண்டுவிற்க (வணிகம் செய்ய) போனவர்கள் மலாய் பேசப் பழகினார்கள், ஆனால் வருமானம் வந்தது வட்டிக் கணக்கில். மகளும் கூடவே டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்), ஏற்றுமதி-இறக்குமதி ஆவணங்கள் இரண்டையும் கற்கட்டும். அப்புறம், 'ஆறு மாதத்தில் சீனம்' விளம்பரங்களை நம்பாதீர்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கே இந்த மொழிக்கு 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது.

எங்கே படிப்பது? டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் சீன மொழி பி.ஏ. உண்டு, கியூட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மேற்கு வங்கம் சாந்திநிகேதனில் உள்ள விஸ்வ பாரதி பல்கலைக்கழகத்தில் 1937 முதல் சீன பவனம் என்ற சீன மொழித் துறை இருக்கிறது. இவை மத்தியப் பல்கலைக்கழகங்கள், கட்டணம் குறைவு. விடுதி, சாப்பாடு, ரயில் எல்லாம் சேர்த்து மாதம் 9,000 என்று வைத்தால் 36 மாதத்துக்கு 3.24 லட்சம். உங்கள் டெபாசிட்டே போதும். அதை மூன்றாகப் பிரித்து, வருடத்துக்கு ஒன்று முதிர்வதுபோல் போடுங்கள்.

முதுகலைக்குச் சீன அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். முழு உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் விடுதியும் இலவசம், மாதம் 3,000 யுவான் கையில் வரும். அப்போதும் கொஞ்சம் பணம் தேவைப்பட்டால் கல்விக்கடன் பாருங்கள், 7.5 லட்சம் வரை வங்கிகள் பொதுவாக அடமானம் கேட்பதில்லை. அதன் வட்டிக்கு வருமான வரிச்சலுகை பழைய வரி முறையில் மட்டும்தான்.

கியூட்டில் இடம் கிடைக்காவிட்டால் காரைக்குடியிலேயே பி.காம். சேர்த்துவிட்டு, இணையவழியில் சீனம் படிக்க வையுங்கள். எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் திறன் தேர்வில் நான்காம் நிலை தேறிய பிறகு பெரிய செலவைப் பற்றி யோசிக்கலாம்.