அடிக்கு முந்தைய அரை நொடி: கார்ட்டூன் கேள்வி பதில்

கேள்வி (ஆசிரியை, முத்தியால்பேட்டை): ‘டாம் அண்ட் ஜெர்ரி’ பூனை-எலி கார்ட்டூனில் ஒன்றான ‘தி கேட் கான்செர்டோ’வைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். வசனமே இல்லாத படத்தில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: டீச்சர், டாமையும் ஜெர்ரியையும் உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் இயக்கி, 1946ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் வாங்கிய படம் அது. டாம் மேடையேறி இசையமைப்பாளர் லிஸ்ட்டின் ‘இரண்டாம் ஹங்கேரிய ராப்சடி’ என்ற பியானோ இசையை வாசிக்கிறது. பியானோவுக்குள் ஜெர்ரி தூங்குகிறது. எலியோடு மல்லுக்கட்டினாலும் கச்சேரி நிற்கக் கூடாது, அதுதான் முடிச்சு. ஓரிடத்தில் ஜெர்ரி கட்டைகளுக்குப் பதில் எலிப்பொறியை வைத்துவிடும். டாமின் விரல்கள் பொறிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாசித்துத் தப்பிக்கொண்டே இருக்கும். எப்போது மாட்டும் என்று காத்திருக்கும்போதே பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள், கவனியுங்கள்.

கேள்வி (மாணவர், லாஸ்பேட்டை): அண்ணா, நான் வரைந்த பூனை மாடியிலிருந்து விழுகிறது. ஒருவரும் சிரிக்கவில்லை.

பதில்: விளிம்பைத் தாண்டியதுமே விழவிட்டிருப்பீர்கள் தம்பி. நொடிக்கு 24 பிரேம் (திரையில் வந்துபோகும் தனித்தனிப் படம்) கணக்கில் 10, 12 பிரேமாவது அந்தரத்தில் நிறுத்துங்கள். சிலை மாதிரி வேண்டாம். கீழே பார்த்து ஒரு தடவை கண் சிமிட்டட்டும். இது குறைந்தால், பார்ப்பவருக்கு விளங்கும் முன்னே விழுந்துவிடும். பிறகு ஒவ்வொரு படத்துக்கும் இறங்கும் தூரம் 1, 3, 5, 7 என்று கூட வேண்டும். சம தூரம் வைத்தால் கயிறு கட்டி இறக்கியதாகத்தான் தெரியும். தரையில் பட்டதும் 2 பிரேம் சப்பை. அகலம் கூடுகிற அளவுக்கு உயரம் குறையணும், இல்லாவிட்டால் பூனை ஊதிப்போன மாதிரி இருக்கும். எல்லாவற்றுக்கும் 24 படம் வரைந்து கையை ஒடித்துக்கொள்ளாதீர்கள். சாதாரண அசைவுக்கு ஒரு படத்தை 2 பிரேம் வைத்தால் 12 போதும்.

கேள்வி (கடலூர் முதுநகர்): நான் செய்த கார்ட்டூனில் அசைவோடு சத்தம் ஒட்டவே மாட்டேன் என்கிறதே?

பதில்: தாளத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் தட்டுக்கு 12 பிரேம். அடி அந்தத் தட்டில் விழட்டும். சத்தம் ஒரு பிரேம் பிந்தினால் பெரிதாகத் தெரியாது, முந்தினால் உறுத்தும். ப்ளூடூத் ஹெட்போனில் சரிபார்க்காதீர்கள், அதுவே தாமதப்படுத்தும். வயர் போட்டுக் கேளுங்கள்.

கேள்வி (பண்ருட்டி): நம் தெருக்கூத்துக் கோமாளியான கட்டியங்காரன் சிரிக்க வைப்பதும் இப்படித்தானே?

பதில்: பாதி சரி. அவன் வாயால் வாருகிறவன், இங்கே வாய்க்கு வேலையில்லை.

கேள்வி (விருத்தாசலம்): இவ்வளவு அடிதடியைக் குழந்தைகள் பார்க்கலாமா?

பதில்: நசுங்கியது அடுத்த காட்சியில் முழுசாக எழுந்து வரும், ரத்தம் கிடையாது. என் கவலை வேறு. அக்காலப் படங்கள் சிலவற்றில் கறுப்பின மக்களைக் கேலி செய்யும் சித்திரிப்புகள் உண்டு. முதலில் நீங்கள் பார்த்துவிட்டுப் போடுங்கள்.